பதினாறு வருடம் கழித்து ஒரு மண் பந்தயம்

மஸ்கட்டில் என் வேலை சோபாக்களைப் படம் எடுப்பது. சோபா, கட்டில், அலமாரி, ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. பெரிய கடை ஒன்றின் விலைப் புத்தகத்துக்காக வருடக்கணக்கில் இதைச் செய்துவருகிறேன். சோபா நல்ல ஜீவன். வைத்த இடத்தில் இருக்கும். வெளிச்சம் சரியாக வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். யார் மேலும் வந்து மோதாது.

அதற்கு முன்னால் நான் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேடும் பள்ளமுமாக மண்ணைக் குவித்து, அதன் மேல் வண்டிகளைப் பறக்கவிடுவார்களே, அந்தப் பந்தயம். சென்னையில் ஒரு வண்டிப் பத்திரிகையில் வேலை. அந்த வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு மாலை, என் போனில் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"சுமதி, எட்வின் பேசறேன். கோவளம் எட்வின். உன் தம்பிகிட்ட நம்பர் வாங்கினேன். கருங்குழியாண்ட மண்ணுல டிராக் போட்டுகீறோம். சனி ஞாயிறு ரேஸு. போட்டோ புடிக்க ஆளு வோணும். நீ வந்துடு."

அவ்வளவுதான். நாலு தடவை போட்டுக் கேட்டேன். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். பின்னணியில் யாரோ சுத்தியலால் எதையோ தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எட்வினுக்கும் எனக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு பந்தயம். கடைசிச் சுற்று. மற்ற பத்திரிகைக்காரர்கள் எடுக்காத ஒரு படம் வேண்டும் என்ற வெறியில், பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டியிருந்த நாடாவைத் தாண்டி, வளைவின் வெளி ஓரத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் ஆளாக வந்தவன் எட்வின். என்னைக் கண்டதும் அவன் வண்டி தடுமாறித் தோப்புக்குள் பாய்ந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த வருடம் அவனை வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது. அத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை போனேன். மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் கல்யாணம், மஸ்கட். கேமராவை விற்றேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

"போயிட்டு வா. சோபா எங்கேயும் ஓடிடாது" என்றார் என் கணவர்.

*

வெள்ளிக்கிழமை காலை, செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் கதவுக்குப் பக்கத்தில் நின்றது நான் செய்த முதல் தவறு. சிங்கப்பெருமாள் கோயில் வந்ததும் பெட்டியில் பாதிப் பேர் ஒரே உடம்பாகக் கிளம்பினார்கள். நான் அந்த உடம்பின் நடுவில் இருந்தேன்.

"எறங்கு எறங்கு, நவுரு!"

"நான் செங்கல்பட்டு போகணும்மா."

"செங்கல்பட்டு போறவ இன்னாத்துக்கு கதவாண்ட நின்னுகினு கீற?"

அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் நான் நடைமேடையில் இருந்தேன். ரயில் போய்விட்டது.

வெளியே வரிசையாக வேன்கள். ஒன்றின் ஓட்டுநரிடம், "செங்கல்பட்டா?" என்று கேட்டேன். பல் குச்சியை மென்றபடி எல்லாவற்றுக்குமாக ஒரு தலையாட்டல் ஆட்டினார். ஏறி உட்கார்ந்தேன். உள்ளே எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது, எல்லோரும் தூங்கினார்கள். பக்கத்து இருக்கைப் பெண் என் தோளில் சாய்ந்து நன்றாகவே தூங்கினாள். அவள் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லாமல் நான் அசையாமல் இருந்ததில், வேன் பெரிய தொழிற்சாலை வாசல் ஒன்றில் போய் நின்றது.

காவலாளி அட்டை கேட்டார். என்னிடம் இருந்தது மஸ்கட் கடை அட்டை. மூலையில் சின்னதாக ஒரு சோபாப் படம். முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"இங்க சோபா டிபார்ட்மெண்டு இல்லியேம்மா."

விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ண தொறந்து பாத்து ஏறக் கூடாதா? படிச்சவங்கதானே?" என்று திட்டிக்கொண்டே பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். திரும்பிப் போகும் தண்ணீர் கேன் வண்டியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். மஸ்கட்டில் வழி தவறினால் பத்து நிமிடம் மரியாதையாக வருத்தம் தெரிவிப்பார்கள். இங்கே திட்டும் டீயும் சேர்ந்து கிடைக்கிறது. டீ நன்றாக இருந்தது.

செங்கல்பட்டில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கேமரா கொண்டுவந்திருந்தேன்; ஆனால் அதோடு இருந்த லென்ஸ் அறைக்குள் சோபாவை எடுக்கத்தான் லாயக்கு. தூரத்தில் பறக்கும் வண்டியை எடுக்க நீள லென்ஸ் வேண்டும். பஜார் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வாடகைக்குக் கேட்டேன். கடைக்காரர் பாஸ்கர் லென்ஸை வெளியே எடுத்தார். ஆனால் கையை விட்டு விடவில்லை.

"எந்த மண்டபம் மேடம்?"

"மண்டபம் இல்லை. கருங்குழியில் பைக் ரேஸ். மண் டிராக்."

அவர் லென்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார். "மண்ணா? மேடம், இது ஏசி மண்டபத்த தாண்டி வெளியே போனதே இல்ல."

கால் மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், கல்யாண ஆல்பத்துக்குப் போடும் கனமான பிளாஸ்டிக் உறையை வெட்டி, லென்ஸுக்குச் சட்டை தைப்பதுபோல் ஒட்டிக் கொடுத்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி தெரு முனை வரை கூட வந்தார்.

*

சனிக்கிழமை காலை செங்கல்பட்டு ஓட்டலில் பொங்கலும் வடகறியும். மஸ்கட்டில் ரூவி பக்கம் எல்லாம் கிடைக்கும், வடகறி மட்டும் கிடைக்காது. இரண்டாவது கிண்ணம் கேட்டபோது பரிமாறியவர், "வெளியூரா?" என்றார். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள், இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான் என்றேன். நம்பவில்லை. "இல்ல, பாத்தா வெளியூரு மேரி கீது" என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜிஎஸ்டி சாலையில் பஸ் ஏறிக் கருங்குழியில் இறங்கினேன். ஷேர் ஆட்டோ பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்த்து, "இதுக்கு மேல சத்தம் வர பக்கமா நடந்து பூடுங்க" என்றார். அதைவிடச் சரியான வழி யாரும் சொல்லியிருக்க முடியாது. வயல்களுக்கு அப்பாலிருந்து வண்டிகளின் இரைச்சல் காற்றில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் வேகமாக நடந்தேன்.

தரிசு நிலத்தில் செம்மண்ணைக் கொட்டி வளைத்து வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள். ஓரமெல்லாம் பழைய டயர்கள். தண்ணீர் லாரி ஒன்று புழுதியை அடக்கப் போய், ஒரு வளைவை நாற்று நடும் அளவுக்குச் சேறாக்கிவிட்டிருந்தது. அந்த லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன்தான் எட்வின். தலை நரைத்துவிட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான், செருப்பு ஓர் அளவு பெரிதாக இருப்பதுபோல்.

என்னைப் பார்த்தான். நான் வழியெல்லாம் தயார் செய்துவந்த நாலு வாக்கியமும் மறந்துபோனது.

"இன்னா சுமதி, லேட்டு. நாஸ்தா துன்னியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப வா. பொண்ணுங்கள காட்றேன்."

கோவளத்தில் எட்வினுக்கு வண்டி பழுது பார்க்கும் கடை. அதன் பின்னால் பெண்களுக்குப் பந்தயம் ஓட்டவும் சொல்லித் தருகிறான். இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள். ஒருத்தி அவன் மகள் ஜெனி, பத்தொன்பது வயது. இன்னொருத்தி பர்வீன், ஜெனியைவிட ஒரு வயது மூத்தவள், அப்பாவுக்குக் கோவளத்தில் டீக்கடை. இருவருக்கும் ஒரே ஸ்பேனர் பெட்டி. நான் போனபோது அதற்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வண்டிய முட்ச்சிட்டு தரேன்டி."

"நீ முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்."

நாளை பெண்கள் பந்தயத்தில் இந்த இருவருக்குள்தான் போட்டி என்று எட்வின் மெதுவாகச் சொன்னான். இதில் முதலாவதாக வருகிறவளைப் பெங்களூர் அணி ஒன்று எடுத்துக்கொள்ளும். வண்டி, பயிற்சி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. "ஒரே ஒரு எடம்தான். அதான் பேஜாரு" என்றான்.

எனக்கு நாலாவது மேட்டுக்குப் பக்கத்தில் இடம். அதுதான் பாதையிலேயே உயரமான மேடு. ஏறி வருகிற வண்டி உச்சியில் தரையை விட்டுக் கிளம்பி, அந்தப் பக்கம் போய் இறங்கும். ஏறி வருகிறவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஓரத்தில் நாடாவுக்கு வெளியே நிற்கும் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். அங்கே கொடி பிடிக்க நின்றவர் தணிகாசலம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பந்தயக் கொடி அவருக்குப் புதுசு. விசில் மட்டும் பழசு, கழுத்தில் தொங்கியது.

"யாராச்சும் வுழுந்தா மஞ்சக் கொடி ஆட்டணும். பாத்துட்டாங்கன்னா தாவாம மெதுவா வருவாங்க. அவ்ளோதான் வேல" என்று எனக்குச் சொல்லித் தந்தார்.

பயிற்சி ஓட்டம் தொடங்கியது. நானூறு படங்கள் எடுத்தேன். நிழலில் உட்கார்ந்து பார்த்தபோது மயக்கம் வந்தது. பாதி பின்சக்கரம், ஒரு ஹெல்மெட்டின் நுனி, வெறும் புழுதி, வானம், மறுபடி வானம். மஸ்கட் கடை வரவேற்பறையில் வேண்டுமானால் மாட்டலாம்.

"இன்னாம்மா, நானும் பாத்துகினே கீறேன்" என்றார் தணிகாசலம். "வண்டி வர்றச்ச எல்லாம் பின்னால பின்னால போற. பஸ்ஸு வந்தா முன்னால வரணுமா, பின்னால போவணுமா?"

அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் என் கால் தானாக இரண்டடி பின்னால் போயிருக்கிறது. மண்ணில் தடம் தெளிவாக இருந்தது. நானூறு படத்துக்கும் நானூறு பின்வாங்கல்.

*

பயிற்சி மூன்று மணிக்கே முடிந்தது. இரவு தன் வீட்டில்தான் என்று எட்வின் சொல்லிவிட்டான். சின்ன லாரியில் பின்னால் வண்டிகளும் பெண்களும். முன்னால் அவனும் நானும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் வெடித்தது. ஜெனியும் பர்வீனும் குதித்திறங்கி ஏழே நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள். அதற்குள் நுங்கு விற்றவரிடம் நான் ஒரு டஜன் வாங்கியிருந்தேன். நுங்கு தின்றுகொண்டே மாமல்லபுரம் வந்து, கடற்கரைச் சாலையைப் பிடித்து, கோவளம் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

எட்வினின் மனைவி ரோஸி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள், நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். "நீதானா அது?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். தட்டில் நெத்திலியைப் போட்டு, கடற்கரையில் உட்கார்ந்து தின்னுங்கள் என்று அனுப்பினாள்.

படகுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"எட்வின், அன்னைக்கு நான் நாடாவைத் தாண்டி வந்திருக்கக் கூடாது."

"கூடாது" என்றான்.

பரவாயில்லை, விடு என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. எனக்கு முகம் சுட்டது.

"உன் தப்புதான். பாதி" என்றான் பிறகு.

"பாதியா?"

"மீதி என்னுது. உன்னப் பாத்து பயந்து ஒண்ணியும் வண்டிய ஒடிக்கல நானு. கேமரா கீதே, பேப்பர்ல வரும்னு ஷோக்கா ஒரு கைய தூக்கினேன். வளைவுல ஒத்தக் கையில வண்டிய புடிச்சா இன்னா ஆவும்? நேரா மரத்தாண்ட பூடும். இத்த நான் வூட்ல கூட சொல்லல."

"இன்னா சொல்லல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரோஸி டீயோடு நின்றுகொண்டிருந்தாள். "கைய தூக்கினியா? போஸு குடுக்கவா? குறுக்க ஒருத்தி வந்தா, குறுக்க ஒருத்தி வந்தான்னு இத்தினி வருஷமா சொல்லிகினு கீறியே மனுஷா!"

டீயை என்னிடம் நீட்டிவிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வலை உதறியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன், அல்லது தண்ணீர் ஏற்கெனவே வந்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும் எட்வின் கடலைப் பார்த்தபடி சொன்னான்:

"கால் போச்சு, சரி. ஆனா கண்ண தொறந்து பாக்கறேன், ஆரஞ்சு பழம் கீது, ஆளு இல்ல. நாளைக்கு வருவ, நாளைக்கு வருவன்னு பாத்தேன். நீ வரவே இல்ல பாரு. அதான் சுமதி எனக்கு வலிச்சிது."

"மன்னிச்சிடு."

"சரி" என்றான். உண்மையிலேயே சரி என்று ஆகிவிட்டது போன்ற ஒரு சரி. "நெத்திலி ஆறிப் போவுது. துன்னு."

*

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. மதுராந்தகத்திலிருந்து பைக்குகளில், டிராக்டரில், குடும்பம் குடும்பமாக. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலை செய்கிறவர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். குஸ்கா அண்டா பத்து மணிக்கே பாதி காலி. ஒலிபெருக்கிக்காரர் எந்த வண்டி எங்கே போகிறது என்று தெரியாமலே உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

நான் நாலாவது மேட்டில் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மண்ணில் அழுத்திக்கொண்டேன். பின்னால் போனால் தெரியும் என்பதற்காக, குதிகாலுக்குப் பின்னே ஒரு டயரை இழுத்துப் போட்டேன். முதல் இரண்டு பந்தயம் ஆண்களுடையது. முதலில் பாதி சக்கரம்தான் வந்தது. பிறகு முக்கால் வண்டி வந்தது. இரண்டாவது பந்தயத்தின் நடுவில், வண்டி கிளம்பும் முன்பே சத்தத்தை வைத்து விரல் தானாக அழுத்துவதை உணர்ந்தேன். சங்கிலி, சக்கரத்திலிருந்து தெறிக்கும் மண்கட்டி, ஹெல்மெட்டுக்குள் சுருங்கிய கண், எல்லாம் ஒரே படத்தில் இருந்தன. அந்த இடத்திலேயே சின்னதாகக் குதித்தேன். தணிகாசலம் விசிலை ஊதி, "ரைட்!" என்றார்.

மூன்றாவது பெண்கள் பந்தயம். பதினோரு வண்டிகள். முதல் சுற்றிலிருந்தே பர்வீன் முன்னால், ஜெனி அவள் வாலைப் பிடித்ததுபோல் பின்னால். மற்றவர்கள் வெகு தூரத்தில். ஜெனி நெருங்குவாள், பர்வீன் மேட்டில் பறந்து இடைவெளியை அதிகமாக்குவாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பேர் பெயரையும் கத்தியது. எட்வின் யார் பெயரையும் கத்தவில்லை. பந்தயம் முடியும் கோட்டுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கடைசிச் சுற்று. பர்வீன் நாலாவது மேட்டுக்கு வந்த வேகம் அதுவரை வந்ததைவிட அதிகம். அழுத்திய விரலை நான் எடுக்கவே இல்லை. வானத்துக்கு நேராக அவள் எழும்பினாள். முன்சக்கரம் கொஞ்சம் திரும்பியது. இறங்கும்போது வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். அவள் பாதையின் நடுவில், வண்டிகள் வந்து இறங்கும் இடத்திலேயே கிடந்தாள். எழவில்லை.

தணிகாசலம் "ஐயோ புள்ள!" என்று கத்திக்கொண்டு அவளைத் தூக்க ஓடினார். நல்ல மனசு. ஆனால் மஞ்சள் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

கொடி நாடாவுக்கு உள்ளே, மேட்டின் அடியில் கிடந்தது. மேட்டின் மறுபக்கம் ஜெனியின் எஞ்சின் சத்தம் ஏறிவந்தது. அவளுக்குத் தெரியாது. முந்திச் செல்லக் கடைசி வாய்ப்பு, முழு வேகத்தில் தாவுவாள். தாவினால் இறங்கும் இடத்தில் பர்வீனும், அவளைத் தூக்கக் குனிந்த தணிகாசலமும் இருப்பார்கள்.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. ஆனால் நாடாவைத் தாண்டக் காலைத் தூக்கியபோது ஒரு கணம் அது இரும்பாகக் கனத்தது. அது மட்டும் நினைவிருக்கிறது. பாஸ்கரின் லென்ஸ் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கொடியை எடுத்து, மேட்டின் ஓரத்தில் அவள் கண்ணில் படும்படி ஏறி நின்று, இரண்டு கையாலும் ஆட்டினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கெட்ட வார்த்தை என்று பிறகு சொன்னார்கள்.

ஜெனி பார்த்துவிட்டாள். மேட்டின் பாதியில் வண்டி திணறி வேகம் குறைந்து, உச்சிக்குத் தவழ்ந்து வந்தது. அந்தப் பக்கம் கிடப்பது யார் என்று அவளுக்கும் தெரிந்தது.

விதிப்படி அவள் மெதுவாக ஒதுங்கிப் போயிருக்கலாம். போயிருந்தால் முதலிடம். பெங்களூர். அவள் இறங்கிப்போய், தன் வண்டியைப் பர்வீனுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஏய், எழுந்திருடி. நடிக்காத. எழுந்திரு."

"தோள்டி... தோளு..." என்றாள் பர்வீன்.

"பேசறா! பேசறா!" என்று ஜெனி என்னைப் பார்த்துக் கத்தினாள். அழுதுகொண்டிருந்தாள். நான் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மீதி ஒன்பது வண்டிகளும் ஒவ்வொன்றாக எங்களைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்து போயின. சேலத்துப் பெண் ஒருத்தி முதலாவதாக வந்தாள்.

எட்வின் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடுவான் என்று நான் நினைக்கவில்லை. பர்வீனைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், நாடாவுக்கு உள்ளே நின்ற என்னைப் பார்த்தான். என் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டான். "ஆம்புலன்சு வருது. நீயும் கூட போ" என்றான்.

லென்ஸ் கேமராவோடு டயருக்குள் பத்திரமாக விழுந்திருந்தது. கல்யாண உறையில் ஒரு கீறல்.

*

திங்கட்கிழமை காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. ராத்திரி முழுக்க பர்வீனின் அம்மாவோடு அங்கேதான் இருந்தேன். காறை எலும்பு முறிவு. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோளைக் கட்டி உட்காரவைத்த பிறகு பர்வீன் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஃபர்ஸ்டு?"

எட்டு மணிக்கு எட்வினும் ஜெனியும் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார்கள். ஜெனி கட்டிலில் கொஞ்ச தூரம் விட்டு உட்கார்ந்தாள்.

"உன்னால போச்சு" என்றாள் ஜெனி.

"நான் உன்ன நிக்க சொன்னேனா?"

"நீ வுழாம இருந்தா நான் இன்னாத்துக்குடி நிக்கறேன்?"

"அது செரி. ஏன் வுழுந்தேன்னே தெரியலடி எனக்கு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரலை எடுக்காமல் அழுத்திய அந்தப் படங்களை நான் இன்னும் பார்க்கவே இல்லை. கேமராவை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். மேட்டின் அடியிலிருந்து தொடங்கி, இருபத்தாறு படங்கள். வரிசையாக, ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் துல்லியமாக இருந்தது.

பர்வீன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு கையால் ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஜெனி நகர்ந்து பக்கத்தில் வந்தாள். இருவர் தலையும் ஒட்டிக்கொண்டன.

"இங்க பாரு, முழங்கை எறங்கிடிச்சி."

"முழங்கை இல்லடி, லூசு. இதுக்கு முந்தின படத்துக்கு போ. இங்கியே உன் வெயிட்டு பின்னால பூட்ச்சு."

"இல்ல."

"நைனா, நீயே வந்து பாரு!"

எட்வின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தான். வெகு நேரம் பார்த்தான். "ரெண்டு பேரு சொல்றதும் செரி" என்றான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஷோக்கா எடுத்துகீற சுமதி" என்றான்.

எனக்கு எதையாவது செய்யவேண்டும்போல் இருந்தது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அந்த நேரம் நர்ஸ் உள்ளே வந்தார். "இன்னா இது, சந்தைக்கடையா? பேஷண்டோட ஒருத்தர்தான் இருக்கணும். எல்லாம் வெளிய போங்க." எங்கள் யாரிடமும் அசைவில்லை என்று கண்டதும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். திரையில் இருந்த படம் அவர் கண்ணில் பட்டது. செம்மண் மேடு கீழே கிடக்க, வண்டியும் பெண்ணும் வெறும் நீல வானத்தில் இருந்தார்கள்.

"இது இந்தப் பொண்ணா?" என்றார். "அம்மாடி, இத்தினி ஒசரத்துலருந்தா வுழுந்த?"

"வுழுந்தது அப்பறம் சிஸ்டர்" என்றாள் பர்வீன். "இதுல நான் பறந்துகினு கீறேன்."

நர்ஸ் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு, பத்து நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.